கிணற்றடிக் கமரா

கிளிநொச்சியில் கமரா பூட்டிக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே தனியாகத் தாய் தகப்பன். இந்தப் பக்கத்தில் இதைவிட ஓடுகிற வியாபாரம் இல்லை. ‘உங்கட அம்மா அப்பா எப்பவும் உங்கட கண்ணுக்கு முன்னால’ என்று கடைப் பலகையில் எழுதுவித்ததும் நான்தான். அந்த வசனம் அப்போது எனக்கு நன்றாகவே பட்டது.

உருத்திரபுரத்தில் ஏரம்பையா வீட்டுக்கு மூன்று கமரா பூட்டினேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கிருசாந்தி கனடாவில். காலையும் மாலையும் கமலேஸ்வரியக்கா வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். மாசி மாதம் ஐயா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மகள் பதறிப்போனாள். பதறாமல் என்ன செய்வாள்? வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் பதித்துக் குளியலறை கட்டுவித்தாள். ஆனால் கொமட்டும் அதற்குள்தான் இருந்தது. கக்கூசுக்குள் நின்று குளிக்கிறதோ என்று ஐயா அந்தப் பக்கமே போகவில்லை; கை பொருந்தியதும் பழையபடி கிணற்றடிக்கே போனார். தேங்காய் அடுக்க அந்த அறை வசதியாகப் போயிற்று.

அதனால்தான் மூன்றாவது கமரா கிணற்றடிக்கு. கமலேஸ்வரியக்கா சமைக்கிற குசினியின் வெளிச்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, கிணற்றுக்கட்டு முழுவதும் தெரியும்படி பூட்டினேன். அங்கிருந்து மகள் கதைத்தால் இங்கே கேட்கும் வசதியும் அதில் இருந்தது. ஐயா அப்போது வயலுக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை ஐயா கோவணத்தோடு நின்று முதல் வாளி அள்ளியபோது சுவர் பேசியது. “அப்பா, கிணத்துக்கட்டில சாயாதேங்கோ, வழுக்கும்.” மகளின் குரல். பின்னால் மருமகன் சிரித்ததும் கேட்டதாம். ஐயா வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்தார் என்று கமலேஸ்வரியக்கா சொன்னார். மருமகன் வேறு எதற்காவது சிரித்திருக்கலாம். அதை ஐயாவுக்கு யார் சொல்வது?

கமலேஸ்வரியக்கா தன் பழைய சேலையை அங்கே மறைப்பாகக் கட்டிவிட்டார். அப்பா விழுந்தால் எப்படித் தெரியும் என்று கிருசாந்தி கேட்டதும் பயந்து அவிழ்த்துவிட்டார். அந்த வேலையை நம்பி வாழ்கிற மனுசி. அவரைக் குறை சொல்ல நான் யார்?

நான்கு நாள் ஐயா குளிக்கவில்லை. ஐந்தாம் நாள் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“தம்பி, வீட்டில பூட்டினது இருக்கட்டும். கிணத்தடியில கிடக்கிறதை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிவிடும். பிள்ளை பாக்கிறாள், மருமகன் பாக்கிறார். நான் எப்பிடிக் குளிக்கிறது?”

இந்த வயதில் என்ன வெட்கம் என்று எனக்குள் ஒரு இளக்காரம் வந்தது. மறைப்பானேன், வந்ததுதான். மகள் சொன்னால் திருப்புகிறேன், நீங்களே அவவிடம் கேளுங்கள் என்றேன்.

“மகளிட்ட இதைக் கேக்கேலுமோ தம்பி?”

கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். கிருசாந்தியோடு நான் கதைத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை.

அதன் பிறகு அவர் வாய்க்காலில் குளிக்கத் தொடங்கினார். சிறுபோக நெல்லுக்குக் குளத்தைத் திறந்துவிட்டிருந்த நேரம், தண்ணீர் கரை முட்ட ஓடியது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் படலையைத் தாண்டுவது வாசல் கமராவில் தெரிந்திருக்கிறது. அப்பா காலையில் நடக்கப் போகிறார், உடம்புக்கு நல்லது என்று மகள் சந்தோசப்பட்டாளாம். எட்டாம் நாள் போனவர் திரும்பவில்லை. வாய்க்கால் அவரை இழுத்துக்கொண்டு போய் மதகடியில் சேர்த்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்லிச் சிரிக்கவும் முடியாது.

கிருசாந்தியால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. கமராவிலாவது எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் அழுதாள். போனேன். மரண விசாரணை முடிந்து வந்த உடலைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேர் வேட்டியைச் சுற்றிப் பிடித்து மறைத்தார்கள். உள்ளே ஒருவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்தார். படம் சரியாக வருகிறதா என்று என் போனில் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. வேட்டிக்கு மேலால் உள்ளே எல்லாம் தெரிந்தது. அந்த உயரத்தை அளந்து சுவரில் துளை போட்டவன் நான்.

ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினேன். சனம் என்னைப் பார்த்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், எனக்குத் தெரியும். ஏறி வயரைப் பிடுங்கினேன்.

இறங்குவதற்குள் போன் அடித்தது.

“அண்ணா, கமரா நிண்டிட்டுது. எனக்கு ஒண்டும் தெரியேல்ல” என்றாள் கிருசாந்தி.

“அப்பா குளிக்கிறார், தங்கச்சி” என்றேன். “குளிச்சு முடிக்கட்டும்.”