நூறு கிலோவில் நாற்பது

1

இந்தக் கதை அம்மாவின் கேள்வியில் பிறந்தது. "அங்க என்னதான் வேலை பாக்குறே? கேக்குறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" எழுதி அனுப்புவதாக மகன் வாக்குக் கொடுத்துவிட்டான். எழுதவில்லை. மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறான், கைபேசி எழுதிக்கொள்கிறது. தன்னை 'அவன்' என்றே சொல்கிறான். 'நான்' என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

2

முதல் தொடக்கம்: வானளாவிய ஒரு கோபுரம், அதன் அடியில் ஓர் இளம் பொறியாளன்... (வேண்டாம். கோபுரம் இன்னும் எழும்பவில்லை. பொறியாளனும்தான்.)

இரண்டாம் தொடக்கம்: தண்ணீரும் மெத்தனாலும் கலந்த சரக்கைக் கொதிக்கவைத்துப் பிரிக்க ஒரு கோபுரம் வேண்டும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். எத்தனை தட்டு என்று வரைபடம் போட்டுச் சொல்வது அவன் வேலை. மேல்பாதிக்கு ஒரு கோடு, கீழ்ப்பாதிக்கு ஒரு கோடு. இயக்கக் கோடுகள் என்று பெயர். மேலே ஒரு வளைகோடு. நடுவில் படிக்கட்டு வரைந்தால், படிக்கு ஒரு தட்டு.

(அம்மா குறுக்கே கேட்பாள்: "சாராயம் காய்ச்சவா அவ்ளோ தூரம் போனே?" இல்லம்மா, இதைக் குடிச்சா கண்ணு போயிடும்.)

இயக்கக் கோடுகள் இரண்டும் எங்கே சந்திக்கும்? அதைச் சரக்கின் கலவைதான் தீர்மானிக்கிறது. அதாவது, நூறு கிலோ சரக்கில் நாற்பது கிலோ மெத்

3

மேலே வாக்கியம் அறுந்தது கைபேசியின் கோளாறு அல்ல.

வரைபடத்துக்கு எடைக்கணக்கு ஆகாது. மூலக்கூறுகளை எண்ண வேண்டும். மெத்தனால் மூலக்கூறு தண்ணீருடையதைவிடக் கனம்; எண்ணினால் நூற்றுக்கு இருபத்தேழுதான். அவன் நாற்பதை அப்படியே போட்டிருக்கிறான். அம்மாவுக்குப் புரியட்டும் என்று 'கிலோ' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உறைத்தது. கோடுகள் சந்தித்த இடம் தப்பு. சொன்ன தட்டுகள் போதாது. பட்டறையில் இன்று பிற்பகல் கோபுரத்துக்குத் தகடு வெட்டப்போகிறார்கள்.

முடிவு அ: ஓடிப்போய்ச் சொல்கிறான், தட்டிக்கொடுக்கிறார்கள். (அம்மாவுக்காகச் செய்த முடிவு. செய்தவனே நம்பவில்லை.)

முடிவு ஆ: வாயே திறப்பதில்லை. (இதைத்தான் இடைவேளை முடியும்வரை யோசித்தான். சொல்லாமல் விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும்.)

4

"மேடம், தகடு வெட்டுறதை நிறுத்தச் சொல்லணும்."

வடிவமைப்புத் தலைவி சாப்பாட்டு டப்பாவை மூடினார். "ஏன்?"

"எடைக்கணக்கை அப்படியே வரைபடத்துல போட்டுட்டேன்."

"சரிபார்த்தவன் தூங்கிட்டு இருந்தானா?"

"தப்பு என்னோடது மேடம்."

அவர் பட்டறையைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். "காலேஜ் பையன்கூடப் பண்ண மாட்டான் இதை. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சும்மா... திரும்பப் பார்த்தேன்."

(அம்மாவுக்குக் கதை சொன்னேன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்து இப்போது வெட்கம்.)

"கோட்டைப் புதுசாப் போடு. உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்குப் பேசுவோம்."

5

மாலை, பேருந்து நிறுத்தம். நாளை என்ன ஆகும் என்று இந்தக் கதைக்குத் தெரியாது. இதைச் சொல்கிறவனுக்கும் தெரியாது.

தெரிந்தது ஒன்று. போன மாதம் அவன் பெருமையாக அனுப்பிய வரைபடத்தை அப்பா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "என் பையன் போட்ட கோடு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அது இந்தத் தப்பான கோடுதான். திருத்திய படம் அனுப்பலாம். கோடுகள் கொஞ்சம் இடப்பக்கமாகச் சந்திக்கும், அவ்வளவுதான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்பா, கழட்டுறதா, மாத்துறதா, அப்படியே விட்டுடுறதா... நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தக் கதையை மட்டும் பக்கத்துல மாட்டிடாதீங்க.