துண்டுக்குப் பின்னால் லூயிஸ்

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வரும் லூயிஸுக்குச் சாயங்காலம் வீட்டில் இன்னொரு வேலை காத்திருக்கும். முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, வாய்க்கு முன்னால் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் பேச வேண்டும். லினெட் அவன் உதட்டைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையில் ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற காதுக் கருவியை வைத்தால் மட்டும் போதாது, கேட்கப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் சரிதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கல்யாணமான மறுவருஷமே ஒரு காய்ச்சலில் லினெட்டுக்குக் காது போய்விட்டது. அதிலிருந்து புருஷனின் உதட்டைப் படித்தே குடும்பம் நடத்தினாள். சண்டையும் அப்படித்தான். லூயிஸ் பெண்டாட்டியிடம் அதிர்ந்துகூடப் பேசமாட்டான் என்று அக்கம்பக்கத்தில் அவனுக்கு நல்ல பெயர்.

இப்போது குக்கர் விசில் கேட்கிறது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா கூவுவது கேட்கிறது. சரிதா பேசுவதில் பாதி பிடிபடுகிறது. லூயிஸின் குரல் மட்டும்தான் கேட்கவில்லை. சரிதாவிடம் சொன்னால், ஆம்பளைக் குரல் பிடிபட நாளாகும் என்றாள். யாரைக் கேட்கத் தலையைக் கிழித்துக்கொண்டாளோ, அந்த ஆளைத் தவிர ஊரே காதில் விழுந்தது. லினெட்டுக்கு அலுத்துவிட்டது.

அன்றைக்கும் துண்டு மேலே போனது. அவனுக்குத் தூக்கத்தில் கண் சொருகியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடும் சத்தம்தான் வந்தது.

"போதுங்க. மெஷின கழட்டி வெச்சிடறேன். என்னால முடியல."

துண்டைப் பிடுங்கினாள். 'இன்னொரு தபா பாக்கலாம்மா' என்று அவன் உதடு கெஞ்சியது. இத்தனை கிட்டத்தில் பேசுகிறான், அப்போதும் ஃபேன் சத்தம்தான். சந்தேகம் வந்து அவன் தொண்டையில் கையை வைத்தாள். துளி அதிர்வு இல்லை.

"அய்யோ, நீங்க சத்தமே வெக்கலியே!"

லூயிஸ் திருதிருவென்று விழித்தான். கேட்காதவளிடம் எதற்குச் சத்தம் என்று என்றைக்கோ விட்டுப்போன பழக்கம். பட்டறையில் கத்துவான், கோயிலில் பாடுவான். அவளைப் பார்த்தால் மட்டும் வாய் அசையும், தொண்டை திறக்காது. அது அவனுக்கே தெரியவில்லை. இத்தனை மாதமும் களைப்போடு களைப்பாகத் துண்டுக்குப் பின்னால் வெறும் வாயை அசைத்திருக்கிறான். அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

தொண்டையிலிருந்து கையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கனைத்தான்.

"லினெட்டு."

கைக்குள் அதிர்ந்தது. மெஷின் வழியாகக் காதிலும் விழுந்தது, தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி. கல்யாணத்தன்று கோயிலில் சம்மதம் சொன்ன அந்தக் குரல் இல்லை. அதைத்தான் இத்தனை வருஷம் மனதில் பத்திரமாக வைத்திருந்தாள். அது இனி வரப்போவதில்லை என்று புரிந்தது.

கண்ணைத் திறந்தாள். அவன் முகமெல்லாம் ஆவலாக இருந்தது.

"கேட்டுச்சா? எப்பிடி இருக்குது என் குரலு?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"சகிக்கலங்க," என்றாள். "நிறுத்தாதீங்க. பேசுங்க."