கண் வார்டின் கூரையில் இரண்டு பாதங்கள்

இனாஸ் மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது மழை ஓய்ந்த வாரத்தில். முதலில் கணுக்கால் வரை. பாக்குத் தோப்பின் ஓரத்தில் சும்மா நின்றிருந்தவனை அக்கா பிலோமினா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் திரும்பினான், கால் வரவில்லை. சேறு என்று நினைத்தார்கள். கடப்பாரை பட்டால் பொறி பறக்கிற செம்பாறையிலும் கோடையில் அவன் அப்படியே இறங்கியபோது, சேற்றின் மேல் பழிபோட வழியில்லாமல் போயிற்று. நடந்தால் ஒன்றுமில்லை, ஓடினால் ஒன்றுமில்லை. நின்றால்தான் வினை.

ஓடுவதற்கென்றே அவனைப் பத்து வயதில் மலையிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள். எந்தக் காலத்திலோ கப்பலில் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள், கர்நாடக மலைக்காட்டில் குடியிருக்கும் இனாஸின் ஆட்களான இந்தச் சித்தியர். இவர்கள் ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கிறது என்று யாரோ ஓர் அதிகாரி கண்டுபிடித்து, விடுதி வைத்து, பாலும் முட்டையும் போட்டார். பிறகு ஒருநாள் திட்டம் முடிந்துவிட்டது. பதினெட்டு வயதில் பெட்டியோடு வந்து இறங்கியவனுக்குப் படிப்பும் இல்லை, பாக்கு மரம் ஏறவும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் நின்றது.

ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? குடிதான் காரணம் என்றார் தோப்பு முதலாளி ஹெக்டே. இனாஸ் குடித்ததே கிடையாது. பாதிரியார் ஜெபித்தார். பெரியவர்கள் முன்னோருக்குத் தேங்காய் உடைத்துக் கோழி அறுத்தார்கள். சுகாதார நர்சு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். இரும்பைக் கொடுத்தால் இன்னும் கீழேதானே போவான் என்று பக்கத்து வீட்டு பஸ்தியாவ் கேட்டதற்கு ஊரே சிரித்தது. பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்வெட்டி காலில் பட்டுவிடுமோ என்று தம்பியைக் கையாலேயே தோண்டி எடுத்து அவள் நகங்கள் தேய்ந்திருந்தன. தோப்பில் பாக்கு பொறுக்கும்போதும் நொடிக்கொரு தரம் கழுத்து திரும்பும். அவன் தலை தெரியவில்லையென்றால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

முழங்காலைத் தாண்டியதும் நர்சு நகரத்து மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். பஸ் வர நேரமானது. நிற்காதே, சுற்றிச் சுற்றி நட என்று பிலோமினா சொல்லியிருந்தாள். அவன் நடப்பதைப் பார்த்துக் கடைவாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்; வெட்கப்பட்டு நின்றான்; தொடை வரை போய்விட்டான். பஸ் வந்தது. அவள் தோண்டி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். மறுவாரம் இருவரும் பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறினார்கள்.

கிளம்புவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். நகரத்துக்காரர்கள் சித்தியரைப் பார்த்தால் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்கள் என்று பயந்து, தம்பியின் கால்களைத் தேங்காய் நாரும் சோப்பும் போட்டு, ஒரு பொட்டு மண் இல்லாமல் தேய்த்துவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிறவர் காலைப் பார்க்கவே இல்லை. தலைமுடியைப் பார்த்தார்.

"எந்த நாடு? பாஸ்போர்ட் எங்க?"

"இந்த நாடுதான் சார், மலைக்கு மேல. நீங்க பேசுற அதே கன்னடம்தானே நானும் பேசுறேன்?"

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க" என்று மெச்சிவிட்டு, வெளிநாட்டவர் ஜன்னலுக்கு அனுப்பினார். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் மத்தியானம் போய்விட்டது. டாக்டர் இருந்தது மூன்றாவது மாடியில். வழுவழுவென்ற டைல்ஸ் தரை. அதில் இனாஸ் கம்பம் மாதிரி நின்றான். இளவயசு டாக்டர், கெட்டவர் இல்லை; பளபளத்த பாதங்களைக் குனிந்து பார்த்தார், நன்றாகத்தானே நிற்கிறார் என்றார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். தன் கையாலேயே சாட்சியைக் கழுவிவிட்டோம் என்பது பிலோமினாவுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

அந்த மாதமே அவன் மார்பு வரை இறங்கினான். அதைக்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கையை அவள் பிடித்து இழுத்தபோது, அவன் விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை. அதற்கு முன் எப்போதும் பிடித்தவை. அன்றைக்குத்தான் அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாளே அவனைத் தோண்டி எடுத்து, அவன் நின்ற இடத்து மண்ணை ஒரு கூடை அள்ளி, பழந்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கவந்திப் போர்வையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குள் மண்ணுக்கு அனுமதியில்லை. படுக்கை என்று நினைத்துக் காவலாளி விட்டுவிட்டார். டாக்டர் நிமிர்வதற்குள் அவர் மேஜைக்கு முன்னால் மண்ணைக் கொட்டி, தம்பியை அதன்மேல் நிறுத்தினாள். முக்கால் முழம்கூட இல்லாத குவியலுக்குள் இனாஸ் இடுப்பு வரை போனான். அதே நேரம் கீழே கண் வார்டில், கூரையிலிருந்து இரண்டு பாதங்கள் தொங்குவதாக பசம்மா என்ற நோயாளி புகார் செய்தார். புரை முற்றிவிட்டதென்று அவருக்கு ஆபரேஷன் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் அன்றைக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை. சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் குப்புறப் படுத்து இனாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கீழே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. இனாஸ் வாயைத் திறந்தான்.

"கீழ யாரும் எந்த நாடுன்னு கேக்க மாட்டாங்க சார். ஓடுன்னும் சொல்ல மாட்டாங்க."

பிலோமினா தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். டாக்டர் கண்ணாலேயே தடுத்தார். மேலே சொல்லுங்கள் என்றார். இனாஸ் சொல்லச் சொல்ல விரல் விரலாக ஏறினான். சாயங்காலம் முழங்கால் வரை வெளியே வந்துவிட்டான். மாதாமாதம் மண்ணோடு வந்து பேசியும், பாதங்கள் முழுசாக வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் அந்த டாக்டரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் டைல்ஸைப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே நிற்கிறார் என்றார். அவருக்கும் ஒரு கூடை கொண்டுபோக வேண்டியிருந்தது. இதற்குள் மற்ற குடியிருப்புகளிலும் பிள்ளைகள் இறங்குவது தெரியவந்தது. கூப்பிட ஆளில்லாத ஒரு பெண்ணின் தலை ரிப்பன் மட்டும் களத்து நடுவில் கிடந்தது.

இப்போது அந்த வழி பஸ்ஸில் மண் மூட்டைக்கு அரை டிக்கெட். அந்த நிறுத்தத்தில் டிரைவர் முழுசாக நிறுத்துவதில்லை. நடந்துகொண்டிருப்பவர்கள் நடந்தபடியே ஏறிக்கொள்ள வசதியாக மெல்ல உருட்டுவார். இனாஸ் தோப்பில் பாக்கு உரிக்கிறான், சில நாள் கணுக்கால் உள்ளேதான் இருக்கும். மலையில் யாராவது தனியாக நின்றால், போகிறவர்கள் முதலில் காலைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. கால் தெரியவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள்.