கொடியில் தங்கும் மீன்கள்

காலையில் அவன் எழுந்து, பல் துலக்கி, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் பின்வாசலுக்குப் போய்த் துணிக்கொடியில் தங்கியிருக்கும் மீன்களை இறக்கித் தொட்டியில் விடுவான். ஈரத் துணியைத்தான் அவை தேடி வரும். அதற்கென்றே தினமும் ஒரு போர்வையை நனைத்துப் போடவேண்டியிருந்தது. வெயில் ஏறிய பிறகு போனால் முறைக்கும். ஒன்று மட்டும் அவன் சட்டையைக் கவ்விக்கொண்டு விடாது.

தீவனத்துக்குப் புழு வளர்க்கும் யோசனை அவன் மனைவியுடையது. சமையல் கழிவை நீல டிரம்மில் கொட்டி, ஈயை முட்டையிட வைத்துப் புழு எடுத்தாள். தெரு அவளைப் புழுக்காரி என்றது. காலேஜ் படித்த இவனைப் புழுக்காரி புருஷன் என்றது. அவள் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அவள் முறை எளிது. வெள்ளைப் புழுக்களைச் சல்லடையில் சலித்து மீனுக்குப் போடுவாள். முற்றிக் கறுத்தவை டிரம்மின் சாய்பலகையில் தாமாக ஏறி வந்து வாளியில் விழும். அவற்றை வலைக்கூண்டில் விடுவாள், ஈயாகி மறுபடி முட்டையிட. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவனுக்கு எதையும் சலிக்கத் தோன்றவில்லை. சல்லடை ஆணியிலேயே தொங்கியது. வாளியில் கிடப்பதை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான். வேலை மிச்சம். மாதம் திரும்புவதற்குள் மீன்கள் பறந்தன.

முதலில் கூட்டம் கூடியது, பிறகு அலுத்துப்போய்க் கலைந்தது. தெருப் பூனைகள் கூரைக்குக் குடிபோயின. ஈக்கூண்டு காலியாகக் கிடந்ததால் சில மீன்கள் அதில் குடியேறின. தொல்லை தராசில்தான் வந்தது.

"கூடை நிறைய மீன் இருக்கு, முள்ளு அசையமாட்டேங்குதே தம்பி. காத்தையா விக்கிறே?" என்றார் மீன் வியாபாரி. "அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற தொட்டி பார்த்துக்கறேன். நீ பட்டம் விக்கிற கடையில கொடு."

அவர் வராவிட்டால் தொட்டியை மூடவேண்டியதுதான். அவள் கையால் உண்டானது என்று வேறெதுவும் அந்த வீட்டில் மிச்சமில்லை.

அந்தச் சமயம் பார்த்து மாமியார் ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

"அவ கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?"

"ஒண்ணும் சொல்லலை அத்தை."

"என் பொண்ணா? தூக்கத்துலகூட ரெண்டு பேரை அதட்டுவா. வாயைத் திறக்காமலா போயிருப்பா? சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் கிளம்புவேன்."

அப்படியே தங்கிவிட்டாள். சாம்பாரில் இறங்கும் மீன்களைத் துடைப்பத்தால் விரட்டக் கற்றுக்கொண்டாள். கடைசி வார்த்தையில் 'அம்மா' என்றாவது இருக்கும் என்று நம்பி வந்திருந்தாள். அந்த வாக்கியம் அவனிடம் பத்திரமாக இருந்தது. அதில் அம்மா இல்லை. அவன்மேல் ஒரு பிரியச் சொல்லும் இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததும் இல்லை.

வியாபாரி மறுபடி வந்தார். முள் மறுபடி அசையவில்லை. "அப்படி என்னதான் தீனி போட்டுத் தொலைச்சே?" என்று கத்தினார்.

"நல்லா கேளுங்க," என்றாள் மாமியார். "நானும்தான் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கேன், இவர் வாயே திறக்க மாட்டேங்கிறார்."

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னான்.

மாமியார் முதலில் சிரித்தாள். "அவதான். அவளேதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சல்லடையை ஆணியிலிருந்து தானே எடுத்தாள். அதன்பின் விட்ட குஞ்சுகள் வெள்ளைப் புழு தின்று கனத்தன. முள் ஒழுங்காக ஆடியது. வியாபாரி வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகிறார். பறக்கப் பழகியவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றுக்காக ஒரு போர்வை இன்றும் நனைகிறது. மாமியார் ஊருக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து இரண்டை வெளியே விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வாளியில விழுற கறுப்பை மீனுக்குப் போட்டுத் தொலைச்சிடாதே. அதுக்கெல்லாம் றெக்கை முளைக்கிற நேரம்."