ஓட்டை போட்ட தூண்

பெரியவனின் முதல் குத்து சின்னவனின் இடது கண்ணில் விழுந்தது. இரண்டாவதற்குச் சின்னவன் குனிந்துகொண்டான். அது பின்னாலிருந்த சுவரில் இறங்கியதில் பூச்சு உதிர்ந்தது. இருபது வருஷமாகக் கட்டடம் இடிக்கிற கை. தன் மண்டையைவிடச் சுவர் உறுதி என்பதைச் சின்னவன் அடக்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

உள்ளறையில் அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"கீமோவ நிறுத்தச் சொன்னது யாருடா?"

"நான்தாண்ணே."

அடுத்தது வயிற்றில். நல்லவேளை, காலையிலிருந்து அங்கே எதுவும் போயிருக்கவில்லை.

அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. பரவிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர் புதிய வழி ஒன்றைச் சொன்னார்: முதலில் ஊசி வழியாகக் கட்டிக்குள் ஒரு மரபணுவை அனுப்பிப் புற்றணுக்களைப் பலவீனமாக்குவது, பிறகு கீமோ. "இன்னும் சோதனையிலதான் இருக்கு. உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

தன் பிள்ளைகளுக்கும் இடிக்கிற தொழிலைக் கற்றுக்கொடுத்த அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "மொதல்ல தூணுல ஓட்டை, அப்புறம் சம்மட்டி. அவ்வளவுதானே டாக்டர்? எங்க ஆளுங்க உங்ககிட்ட வேலைக்கு வரலாம் போல!"

அந்த விளக்கம்தான் வினையாயிற்று. ஓட்டை போட்ட தூணை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது, அன்றைக்கே சாய்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் சட்டம். மூன்றாவது ஊசி போட்டாயிற்று. மூன்றாவது கீமோ ஏறவில்லை.

"ஓட்டையப் போட்டு அப்படியே விட்டுட்டு வந்திருக்கியேடா, பாவி! கட்டி சுருங்குதுன்னு அவங்களே சொன்னாங்கல்ல?"

நாற்காலி பறந்து வந்தது. சின்னவனின் உதடு கிழிந்தது.

"இன்னிக்கு ஒருத்தர் செத்தது போதும்டா!" அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

மூன்று வாரம் முன்பு, குளியலறையில் விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கியது சின்னவன்தான். இரண்டு கையும் வேண்டியிருக்கவில்லை. அப்பா அவன் காதோரம் சொன்னார்: "கட்டி சுருங்குது, சரி. ஆனா அந்த இடியில பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் விழுதேடா. போதும். டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். பெரியவன் கேட்டா நீ நிறுத்தினதாச் சொல்லிடு. அப்பன் பயந்துட்டான்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

"அடிப்பாம்ப்பா."

"வாங்கிக்கோ. உனக்குப் புதுசா என்ன?"

புதிதில்லைதான். ஆனால் இப்போது பெரியவனின் முழங்கால் அவன் நெஞ்சின் மேல் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தக் கை நின்றுவிடும். வாக்கியம் வாய்வரை வந்தது. சின்னவன் அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"ஏண்டா நிறுத்தின? சொல்லுடா!"

"எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே."

ஓங்கிய கை தரையில் இறங்கியது. விரலில் ஏதோ முறிகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு பெரியவன் அடிக்கவில்லை. அம்மா உள்ளே குழாயைத் திறந்து மூடினாள்.

அப்பாவை எடுத்துப்போக வண்டிக்காரர் தனியாக வந்திருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டைச் சின்னவன் முன்னால் பிடித்தான். தலைமாட்டைப் பெரியவன், வீங்கிய கையோடு. மூன்று மாடி. சின்னவனுக்கு இடது கண் முழுக்க மூடிவிட்டது. முதல் படியைக் காலால் துழாவினான்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றான் பெரியவன்.

சின்னவன் காலை வைத்தான்.

"ம். அடுத்தது."