நஜீபின் துண்டு

எங்கள் வீட்டில் யாருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியதில்லை. குடலில் முளை முளையாகக் கிளம்பிப் புற்றாகும். அம்மா நாற்பத்திரண்டில் போனாள். தம்பி நஜீபுக்குச் சிறுகுடலின் தொடக்கத்திலேயே ஒன்று பெரிதாக வளர்ந்திருந்தது.

அதில் ஒரு துண்டை, துனிஸில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்து டாக்டர் மொனியாவுக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் செல்கள் வாங்கி ரத்தத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் தேக்கி வைத்தால் அதைத் தின்றுதான் முளை புற்றாகிறதோ என்பது டாக்டரின் சந்தேகம். எங்கள் குடும்பத்தில் அப்படியா என்று தெரிந்தால் தன் மகள் யுஸ்ராவுக்காவது வழி பிறக்கும் என்று நஜீப் நம்பினான்.

"ஆலிவ் எண்ணெய் ஆலைக்காரன் குடல், அக்கா. பிழிஞ்சா ஒரு போத்தல் தேறும்," என்றான், ஆபரேஷனுக்குப் போகும்போது.

அப்போது ரமலான். ஆய்வகத்தை இரண்டரைக்கே பூட்டிவிடுவோம். நாக்கு வறண்டு தலை கிறுகிறுக்க, வந்த துண்டுகளையெல்லாம் வழக்கம்போல, மெழுகில் பதிக்கிற இயந்திரத்தில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நஜீபுடையதும் அதில் போய்விட்டது, நாசமாய்ப் போக! அதை உறைய வைத்திருக்க வேண்டும். அந்த இயந்திரத்து ஆல்கஹாலில் கொழுப்பு சுத்தமாகக் கரைந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருகிற பாடம் இது.

ஒன்பதாம் நாள், தையல் விட்டு வயிறெல்லாம் சீழ் பிடித்து நஜீப் இறந்தான்.

அடக்கம் முடிந்து வந்து, மெழுகிலிருந்து சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். வெறும் வெள்ளை ஓட்டைகள்; அங்கே கொழுப்பு இருந்ததா என்றே சொல்ல முடியாது. அப்படியே கொடுத்தால் கொழுப்பு இல்லை என்று டாக்டர் எழுதிவிடுவார், என் மானம் தப்பும். ஆனால் யுஸ்ராவுக்குப் பொய்யான பதில் கிடைக்கும். டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் மீதித் துண்டெல்லாம் கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்தில் ஊறிவிட்டது, கொழுப்பை அளக்க உதவாது என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்டுல வேற யாருக்கு இருக்கு, சல்வா?"

எட்டு வருடமாகச் சாக்குச் சொல்லிப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தவள் நான்.

"எனக்கு இருக்கான்னு நான் பாத்ததே இல்ல, டாக்டர். குழாய் விட்டுப் பாருங்க. இருந்தா நஜீபோட துண்டுக்குப் பதிலா அதை வெட்டி எடுத்துக்குங்க."

திங்கட்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்து, எனக்கும் அது இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.