சேற்றுக்குத் தீனி

சாயக்காரர் கனேமாத்சு நூல் கற்றையைச் சாய வயலின் சேற்றிலிருந்து தூக்கி உதறினார். கருப்பு ஏறவில்லை. சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரி அங்கங்கே செங்காவித் திட்டு.

வரப்பில் நின்ற கிகுயே வாயில் கை வைத்தாள். "என்னண்ணே இது? எம் பட்டுக்கு அம்மையா போட்டிருக்கு?"

நூல் அவளுடையது. கோலம் விழவேண்டிய இடமெல்லாம் சாயம் ஏறாதபடி பருத்தி இழையால் இறுகக் கட்டிய பட்டு. புருஷன் போனபின் தறிதான் அவளுக்கு அடுப்பு. நெய்ததை நெசவாளர் சங்கத்தில் சோதிப்பார்கள். நகமளவு திட்டு இருந்தாலும் முத்திரை விழாது. முத்திரையில்லாத துணியை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான்.

மலையில் வெட்டிய தேச்சி மரத்துக் கட்டையைச் செதுக்கி வேகவைத்த கஷாயத்தில் திரும்பத் திரும்ப நனைத்துத்தான் நூலைச் சேற்றுக்குக் கொண்டுவந்திருந்தார். கஷாயத்தில் குறையில்லை, நாக்கில் வைத்தே பார்த்திருந்தார். அந்தச் செங்காவியைக் கருப்பாக்கவேண்டியது சேறு. அப்படியானால் கோளாறு சேற்றில்தான். குனிந்து பார்த்தார். தண்ணீர்மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம். விரலில் தொட்டு மோந்தார். தேங்காய் வாசனை.

"இங்க ஏது தேங்காய்?"

"உங்க மச்சினரு சேத்துல வெளையாடக் கூட்டிட்டு வர்ற டூரிஸ்டுங்கதான். வெயில் கிரீமாம். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்ல தொடை வரைக்கும் பூசிக்கிட்டு எறங்கிக் குதிக்கிறாங்க. நேத்தும் ஒரு வேன் வந்துச்சு."

கனேமாத்சுவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. தீவுக்காரன் பட்டு உடுத்தக் கூடாதென்று, அப்போது தீவை ஆண்ட சத்சுமா அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்ட காலத்தில், எவளோ ஒருத்தி தன் துணியை வயல் சேற்றில் ஒளித்துவைத்தாளாம். எடுத்துப் பார்த்தால் கருகருவென்று மின்னியதாம். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்கு வெளியூர்க்காரன்கள் துணியைக் கொண்டுபோனான்கள். மிச்சமிருந்தது சேறு ஒன்றுதான். அதிலும் இப்போது காலை விட்டுவிட்டான்கள். கூட்டி வருகிறவன் யார்? பெண்டாட்டியின் தம்பி தொமினோரி. குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு!

நேரே அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"கால் கழுவிட்டு எறங்கச் சொல்ல உனக்கு வாய் இல்லியாடா?"

"காசு குடுத்து வர்றவங்கள குளிச்சிட்டு வான்னா சொல்ல முடியும், அத்தான்? சேறுதானே. இன்னொரு முக்கு முக்குங்க."

"முக்குறேன், உன் கழுத்தப் புடிச்சு."

தொமினோரியின் சிரிப்பு நின்றது. "வயல் எம்பேர்ல இருக்கு. அத மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. உழைப்பு இவருடையது, மண் அவனுடையது. வேலி போட இவருக்கு உரிமையில்லை. ஆனால் வேறொன்று போட உரிமை உண்டு.

மறுநாள் விடிந்ததும் வரப்பை வெட்டிப் படலம் மிதந்த தண்ணீரை ஓடவிட்டார். மலை ஓடையைத் திருப்பி உள்ளே விட்டார். பிறகு சரிவில் குட்டை ஈச்சமரம் மாதிரி நின்ற சொத்தேத்சு மரங்களின் ஓலைகளை வெட்டிச் சுமந்துவந்து வயலெங்கும் அமிழ்த்தினார். நுனிக்கு நுனி ஊசி. சேற்றின் இரும்புச்சத்து குறைந்தால் இந்த ஓலையைப் போட்டுத்தான் தேற்றுவார்கள். அது மக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது, வயல்காரனே ஆனாலும். தொமினோரியின் அப்பா தடியோடு காவல் நின்ற காலமுண்டு.

வேன் வந்தது. முதலில் இறங்கிய பெண் ஒற்றைக் காலை விட்டாள். வீலென்று கத்தி வெளியே இழுத்தாள்.

"அத்தான், என்ன அக்கிரமம் இது?"

"சேறு பசிச்சுக் கெடக்கு. தீனி போட்டிருக்கேன்."

"எப்ப தின்னு முடிக்கும்?"

"கேட்டுப் பாரேன். உம்பேர்ல இருக்கிற வயல்தானே."

தொமினோரி ஓலையை இழுக்கக் குனிந்தான். வரப்பிலிருந்து கிகுயே குரல் கொடுத்தாள்: "எடு தம்பி, நல்லா எடு. அப்பன் காவல் காத்த தீனிய மகன் புடுங்கினான்னு ஊரு பூரா நான் சொல்லிட்டு வர்றேன்."

அவன் கை நின்றது. உள்ளங்கையில் முள் வேறு ஏறியிருந்தது. வேன் வந்த வழியே திரும்பியது.

மழை பெய்தது. ஓலை கறுத்து மக்கியது. கனேமாத்சு கற்றைக்கு மறுபடி கஷாயம் காட்டிச் சேற்றில் அலசித் தூக்கினார். காக்கைச் சிறகு மாதிரி கருப்பு. கிகுயே வெயிலில் பிடித்து, இழையிழையாகப் பிரித்துத் தேடினாள். திட்டு இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கனேமாத்சு அரிவாளை எடுத்துக்கொண்டு சரிவைப் பார்த்து நடந்தார்.

"அதான் பசி அடங்கிடுச்சேண்ணே, இன்னும் எதுக்கு ஓலை?"

"அடங்கிடுச்சுன்னு தொமினோரிகிட்ட போய்ச் சொல்லிடாத," என்றார் திரும்பிப் பார்க்காமல்.